தொண்ணூற்றிரண்டு ஆணிகளும் என் தொண்ணூற்றொரு பெயர்களும்

கம்ப்யூட்டர் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அரே பற்றிப் பாடம்போல ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று என்னைக் கேட்டார்கள். கேட்டவர்களுக்கு என் பழைய கதை தெரியாது. தெரிந்திருந்தால் சமையலைப் பற்றி எழுதச் சொல்லியிருப்பார்கள். அதில் நான் கெடுத்தது என் வயிற்றை மட்டும்தான்.

அரே என்ற வரிசையை எப்படி அமைப்பது, அதில் எப்படித் தேடுவது என்பதெல்லாம் உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. நான் சொல்லப்போவது நான் செய்த ஒரே ஒரு வேலையைப் பற்றி. வரிசையின் நடுவிலிருந்து ஒரு பெயரை நீக்கினேன். நாலு வரி நிரல். அந்த நாலு வரியால் எனக்கு ஒரு கேடும் வரவில்லை. மருதை என்ற மனிதருக்கு வந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி. அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலை. எனக்கு இருபத்திரண்டு வயது, ஊர் செட்டிகுளம், கையில் ஒரு பட்டமும், திருச்சியில் மூன்று மாதம் படித்த பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியும். ஆலைக்கு அப்போதுதான் ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. அதற்கென்று தனியாக ஓர் ஏ.சி. அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். ஆலையில் எல்லார் தலையிலும் புருவத்திலும் மாவு சலித்துக் கொட்டினாற்போலத் தூசி படிந்திருக்கும். நான் ஒருவன் மட்டும் துவைத்த சட்டை போட்டு, அதன்மேல் சித்திரை வெயிலில் ஸ்வெட்டரும் மாட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பேன். ஒரு வருடம் ப்ரொபேஷன். அது முடிந்து கன்ஃபர்மேஷன் ஆர்டர் கைக்கு வந்தால்தான் வேலை நிலைக்கும். வராவிட்டால் ஸ்வெட்டரை மடித்து வைத்துவிட்டு ஊருக்குப் போய் அப்பாவோடு வயலில் வெங்காயம் பிடுங்க வேண்டியதுதான்.

எனக்குக் கிடைத்த முதல் வேலை, சுண்ணாம்புக்கல் சுரங்கத்து ஆட்களின் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. அதுவரை பட்டியல் என்பது சுரங்கத்துக் கேட்டில் தொங்கிய ஒரு மரப்பலகைதான். அதில் தொண்ணூற்றிரண்டு ஆணிகள், ஒவ்வோர் ஆணிக்கும் பெயிண்டில் ஒரு எண், ஒவ்வோர் ஆணியிலும் அதே எண் பொறித்த பித்தளை டோக்கன். ஆள் உள்ளே போகும்போது டோக்கனை எடுத்துக்கொள்வார், வெளியே வரும்போது மாட்டிவிட்டுப் போவார். அரே என்றால் என்ன என்று இன்றைக்கும் யாராவது கேட்டால் அந்தப் பலகையைத்தான் சொல்வேன். ஒரே பெயர், உள்ளே எண் போட்ட இடங்கள், ஓர் இடத்துக்கு ஒரு சரக்கு.

பலகையைப் பார்த்துக்கொண்டவன் டைம் ஆபீஸ் கிளார்க் கதிர்வேலு. என் வயதுதான். ஒன்றாகத்தான் டிபன் டப்பாவைத் திறப்போம். என் கம்ப்யூட்டரை அவன் 'ஒம் பொண்டாட்டி' என்றுதான் சொல்வான்.

பலகையில் முப்பத்தொன்றாம் ஆணி காலி. அந்த டோக்கன்காரர் முந்தின மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்துபோயிருந்தார். நான் பெயர்களை ஏற்றி முதல் பட்டியலை அச்செடுத்தபோது, முப்பதுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவில் ஒரு வெற்று வரி. ஆட்கள் விவகாரத்தைக் கவனிக்கும் பர்சனல் ஆபீசர் அதைப் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, பல்லு விழுந்த வாய் மாதிரி?" என்றார். அவ்வளவுதான். அன்று மதியமே பல்லைக் கட்டிவிட்டேன். முப்பத்திரண்டை முப்பத்தொன்றுக்கு ஏற்று, முப்பத்துமூன்றை முப்பத்திரண்டுக்கு ஏற்று, இப்படியே கடைசிவரை. ஒரு சுற்று ஓடி முடிந்தபோது தொண்ணூற்றொரு பெயர்கள், நடுவில் ஓட்டையில்லாமல் பளபளவென்று நின்றன.

கதிர்வேலுவிடம் பெருமையாகக் காட்டினேன்.

"முப்பத்தொண்ண என்னாடா பண்ணுன?"

"தூக்கிட்டேன். எல்லாரும் ஒரு படி மேல ஏறிட்டாங்க."

"யாரு ஒன்ன ஏத்தச் சொன்னா? அந்த ஆணி அவங்க வூட்டுக்குடா. அவரு மவனோ தம்பியோ வருவாங்க. வர்ற வரைக்கும் சும்மாதான் கெடக்கும். இங்க எல்லாத்துக்கும் அப்படித்தான்."

"போடா, எடம் வேஸ்ட்டு. இது கம்ப்யூட்டர், உன் பலகை இல்ல."

"சரி சாமி. ஒம் பொண்டாட்டி, ஒம் பாடு."

இதில் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான். பலகையில் எண் என்பது ஆள். 'அம்பத்தேழு வரச் சொல்லு' என்றால் ஒரு மனிதர் வருவார். என் அரேயில் எண் என்பது வெறும் இருக்கை. யார் வேண்டுமானாலும் நகர்ந்து உட்காரலாம். இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தன. எனக்கு மட்டும் அப்படித் தெரிந்தது என்று சொல்லியிருந்தால் இன்னும் நேர்மையாக இருந்திருக்கும்.

அடுத்த மாதம் ஆலைக்கு ஓர் எக்ஸ்ரே வண்டி வந்தது. சுரங்கத்து ஆட்கள் எல்லாருக்கும் நெஞ்சுப் படம். ஒவ்வொருவரும் டோக்கனைக் காட்ட, அந்த எண்ணையே படத்தில் பதித்தார்கள். சில நாளில் டாக்டரின் தாள் வந்தது. பெயர் ஒன்றும் கிடையாது. ஒன்று முதல் தொண்ணூற்றிரண்டு வரை எண். பக்கத்தில் ஒரு குறி. பூஜ்யம் என்றால் நல்ல நெஞ்சு. ஒன்று என்றால் ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இரண்டு என்றால் நுரையீரலில் தூசி இறங்கிவிட்டது, உடனே தூசி வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும். முப்பத்தொன்றுக்கு நேரே ஒரு கோடு.

அந்தக் குறிகளை என் பெயர்களோடு சேர்த்து அச்செடுக்க வேண்டும். அதை வாங்கிப்போக வந்த அரசுத் தொழிற்சாலை ஆய்வாளர் கெஸ்ட் ஹவுசில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பர்சனல் ஆபீசர் என் அறை வாசலில் ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் செருப்பில்லாமலும் நின்றார்.

"ஆச்சாப்பா?"

"இதோ சார்."

"அவரு பாயசத்துக்கு வந்துட்டாரு. முடிச்சாருன்னா கெளம்பிடுவாரு."

குறிகளுக்கும் தொண்ணூற்றொரு இடம்தான் ஒதுக்கியிருந்தேன். பெயர் எத்தனையோ, இடமும் அத்தனைதானே? சிக்கனக்காரன். கோடு போட்ட முப்பத்தொன்றுக்கு 'வரவில்லை' என்று அடித்தேன். மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாக அடித்து தொண்ணூற்றிரண்டாவதை அடித்ததும் கம்ப்யூட்டர் 'டிங்' என்று ஒரு சத்தம் போட்டு, 'சப்ஸ்கிரிப்ட் அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்றது. நீ சொல்லும் ஆணி இந்தப் பலகையில் இல்லை என்று அதற்குப் பொருள்.

கம்ப்யூட்டருக்கு அதைவிடத் தெளிவாகப் பேசத் தெரியாது. என் பட்டியலில் ஒரு பெயர் குறைகிறது என்று அது சொல்லாமல் சொல்லிவிட்டது. எனக்குக் காதில் விழுந்ததோ, பாயசம் தீர்ந்துகொண்டிருக்கும் சத்தம். ஏ.சி.யில் ஸ்வெட்டருக்குள் வியர்த்தது. டாக்டரின் ஆள் எண்ணத் தெரியாமல் ஒன்று கூடப் போட்டுவிட்டான் என்று அந்த ஒரு நிமிடத்தில் ஒரு சாமர்த்தியமான முடிவுக்கு வந்தேன். நிரலில் தொண்ணூற்றிரண்டு என்று இருந்த இடத்தைத் தொண்ணூற்றொன்று என்று மாற்றினேன். டிங் சத்தம் நின்றது. பிரிண்டர் கரகரவென்று ஓடியது. ஆய்வாளர் ஏப்பம் விட்டபடி பட்டியலை வாங்கிக்கொண்டு போனார். பர்சனல் ஆபீசர் என் தோளில் தட்டினார்.

நீங்களும் ஒரு நாள் இதைச் செய்வீர்கள். சத்தம் போடுவதை நிறுத்துவதற்காக எண்ணை மாற்றுவீர்கள். அன்று என் ஞாபகம் வரட்டும்.

பட்டியலில் இரண்டு என்று குறி விழுந்தவர் ஒரே ஒருவர்: சின்னதுரை. கல்லை உடைக்கும் கிரஷரில் நிற்பவர். அவரைக் கூப்பிட்டுச் சொன்ன அன்று நானும் பர்சனல் ஆபீசில் இருந்தேன். கூடவே அவர் மச்சான் மருதையும் வந்திருந்தார். மருதையின் தங்கையைத்தான் சின்னதுரை கட்டியிருந்தார். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், அதனால் டோக்கனும் அடுத்தடுத்து: மருதை ஐம்பத்தேழு, சின்னதுரை ஐம்பத்தெட்டு. அப்போது அந்த எண்களை நான் கவனிக்கவில்லை. இப்போது நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

நெஞ்சில் தூசி, இனி கெஸ்ட் ஹவுஸ் தோட்டத்தில்தான் வேலை என்று ஆபீசர் சொன்னதும் சின்னதுரை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆள் உலக்கை மாதிரி இருந்தார்.

"எனக்கு ஒண்ணும் பண்ணலீங்களே சார். மூச்சு நல்லாத்தான் வருதுங்க."

"மச்சான், எந்திரி," என்றார் மருதை. "ரோசாச் செடிக்குத் தண்ணி ஊத்துற வேலய குடுத்தா அழுவுற. எனக்குக் குடுத்துருந்தா இந்நேரம் குதிச்சிருப்பேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அந்த இருமலை அந்த அறையில் யாரும் பொருட்படுத்தவில்லை. அவருக்குத்தான் பூஜ்யமாயிற்றே.

கிரஷர் இடத்துக்கு வேறு ஆள் போட வேண்டும் என்றார் ஆபீசர். வேறு கோஷ்டி ஆள் வந்துவிட்டால் சின்னதுரை குணமான பின்னும் அந்த இடம் திரும்பக் கிடைக்காது.

"நான் நிக்கிறேன் சார்," என்றார் மருதை. "நான் மேல லாரிக்கு கொடி காட்டுற வேலதானே பாக்குறேன், அத யாரு வேணாலும் பாத்துக்கலாம். மச்சானுக்கு நல்லாவட்டும், அதுவரைக்கும் அவரு எடத்துல நான் நிக்கிறேன்."

காற்றோட்டமான மேட்டில் நின்றவர், தானே கேட்டுக்கொண்டு கிரஷர் தூசிக்குள் இறங்கினார். அச்செடுத்த தாள் என் கையில்தான் இருந்தது. 'நல்ல மனுசன்' என்று நினைத்துக்கொண்டேன். நினைப்புக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

மூன்று வாரம் போயிற்று. ஒரு காலையில் கதிர்வேலு, பெரியசாமி என்ற சுரங்கத்து ஆளைக் கூட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தான். பெரியசாமி கையில் ஒரு மெமோ: எக்ஸ்ரேக்கு ஏன் வரவில்லை, விளக்கம் தரவும்.

"நான் வந்தேன் சார்," என்றார் பெரியசாமி. "சட்டையக் கழட்டச் சொல்லி நெஞ்ச தகட்டுல வெக்கச் சொன்னாங்க. சில்லுன்னு இருந்துச்சு. அத எப்படி சார் மறப்பேன்?"

கதிர்வேலுவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "டேய், இவரு டோக்கன் முப்பத்திரெண்டு. ஒன் லிஸ்டுல முப்பத்தொண்ணுன்னு இருக்கு. முப்பத்தொண்ணு செத்துப்போனவருடா! செத்தவரு எக்ஸ்ரேக்கு வரலன்னு உசிரோட இருக்கவருக்கு மெமோ குடுத்துருக்கீங்க!"

பெரியசாமியும் சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்; வாய் திறந்திருந்தது நிச்சயம். முப்பத்தொன்றில் தொடங்கி ஒவ்வொரு பெயரும், முன்னால் நிற்பவரின் நெஞ்சைத் தூக்கிக்கொண்டு நிற்பது அந்தக் கணத்தில் எனக்குப் புரிந்துவிட்டது.

"இவரு ஒருத்தருக்குத்தானே தப்பு?" என்று கேட்டான் கதிர்வேலு.

"ஒருத்தருக்குத்தான்," என்றேன். "டைப்பிங் மிஸ்டேக்."

அவர்கள் போனதும் டாக்டரின் தாளை எடுத்துப் பார்த்தேன். பெரும்பாலும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் பூஜ்யம். நகர்ந்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு என்ற குறி ஒரே ஒரு எண்ணுக்கு நேரே இருந்தது. ஐம்பத்தேழு. என் அரேயின் ஐம்பத்தேழாம் இருக்கையில் நகர்ந்து வந்து உட்கார்ந்திருந்தவர் சின்னதுரை. உண்மையான ஐம்பத்தேழு ஒரு படி மேலேறி, ஐம்பத்தாறாம் ஆளின் நல்ல நெஞ்சை வாங்கிக்கொண்டு, மச்சானுக்காகக் கிரஷரில் நின்றார்.

உடனே எழுந்து பர்சனல் ஆபீசுக்கு ஓடினேன். பாதி வழிவரை ஓடினேன். அங்கே டைப்பிஸ்ட் எதிரில் வந்து, "சார், உங்க கன்ஃபர்மேஷன் ஃபைல் மேல போயிருக்கு, கையெழுத்து ஆகணும்," என்றார். திரும்பி வந்துவிட்டேன்.

அதன்பிறகு நான் செய்த கூத்துகளைச் சொன்னால் சிரிப்பீர்கள். அதே நிரலைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன், ஒரு முறையாவது விடை மாறிவராதா என்று. வயிற்றுப்போக்கு என்று டிஸ்பென்சரிக்குப் போனேன். நர்ஸ் கொடுத்த மாத்திரையைத் தின்றதும் நிஜமாகவே வந்துவிட்டது. ஆபீசருக்குப் பெயரில்லாக் கடிதம் ஒன்றைக் கம்ப்யூட்டரிலேயே அடித்தேன். ஆலையில் ஒரே ஒரு பிரிண்டர்தான் உண்டு, அதில் அடிக்கத் தெரிந்தவனும் ஒருவன்தான் என்பது கடிதம் வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. அதைக் கிழித்து, துண்டுகளை எங்கே போடுவது என்று தெரியாமல் டிபன் டப்பாவில் வைத்துக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் மலையேறி முருகனிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்ல வேண்டிய இடம் அரியலூரில் இருந்தது. நான் போனது செட்டிகுளம் மலைக்கு. படியேறியதில் எனக்கு இரைத்தது. உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது மருதையின் நினைப்பு வந்தது. இறங்கி வந்து பஸ் ஏறிப் பெரம்பலூரில் வண்டி மாறுவதற்குள் அதுவும் போய்விட்டது.

ஆர்டர் வந்த மறுநாள் பர்சனல் ஆபீசரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். என்றைக்குத் தெரிந்தது என்பதைத் தவிர. அவர், "நாளைக்கே ரெண்டு பேரையும் மாத்திடறேன். மருதைகிட்ட நீயே போய்ச் சொல்லு," என்றார். அவ்வளவுதான். இதற்காகவா இத்தனை மலையேறினேன் என்று இருந்தது. ப்ரொபேஷனில் இருந்தபோதே சொல்லியிருந்தாலும் அவர் இதைத்தான் சொல்லியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

சாயங்காலம் சைக்கிளில் மருதையின் வீட்டுக்குப் போனேன். அப்போதுதான் வேலைவிட்டு வந்திருந்தார். தலைமுடியில் வெள்ளை அப்படியே இருந்தது. அவர் மனைவி அஞ்சலை முறத்தில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

"கம்ப்யூட்டர் சாரு! எங்க வூட்டுக்கா?" என்று மருதை எழுந்தார்.

நின்றுகொண்டே சொன்னேன். படம் மாறிவிட்டது, தப்பு என்னுடையது, தூசி உங்கள் நெஞ்சில்தான், நாளையிலிருந்து தோட்டத்து வேலை என்று. அவர் நான் சொன்னதையெல்லாம் கேட்டார். பிறகு கேட்டது ஒன்றுதான்.

"அப்ப எம் மச்சானுக்கு ஒண்ணும் இல்லீங்களே?"

"இல்ல."

"நல்லா பாத்தீங்களா?"

"பாத்துட்டேன். அவருக்கு ஒண்ணும் இல்ல."

அவர் அஞ்சலையைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டியா? எந் தங்கச்சி ஒரு மாசமா சோறு திங்கல. மொதல்ல போயி அவகிட்ட சொல்லு."

அஞ்சலை எழுந்திருக்கவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்துக் கேட்டார். "இது எப்ப சார் ஒங்களுக்குத் தெரிஞ்சிச்சு?"

மருதை இருமினார். அவர் இருமி முடிக்கும்வரை எனக்கு அவகாசம் இருந்தது.

"இன்னைக்குத்தான்மா," என்றேன்.

"பாத்தியா புள்ள?" என்றார் மருதை. "தெரிஞ்ச அன்னிக்கே சைக்கிள மிதிச்சிக்கிட்டு வந்துட்டாரு. வேற ஆளுன்னா அமுக்கிருப்பான்."

அஞ்சலை ஒரு கை கடலையை அள்ளி என்னிடம் நீட்டினார். வாங்கித் தின்றேன்.

அந்தக் கொஞ்ச நாள் கிரஷரால் பெரிதாக வித்தியாசம் வந்திருக்காது என்று பிறகு டாக்டர் சொன்னார். எவ்வளவு என்று தன்னால் சொல்ல முடியாது என்றும் அவரே சொன்னார். மருதை ஏழு வருடம் தோட்டத்தில் வேலை பார்த்தார். கடைசி இரண்டு வருடம் தண்ணீர் வாளியைத் தூக்க முடியாமல் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பக்கத்தில் யார் இருந்தாலும் என்னைக் காட்டி, மூச்சைச் சேர்த்துக்கொண்டு, "தெரிஞ்ச அன்னிக்கே வூடு தேடி வந்து சொன்ன மனுசன்" என்பார். நானும் தலையை ஆட்டிவிட்டுப் போவேன்.

அரே பற்றி உங்களுக்கு இனி நான் சொல்ல ஒன்றும் இல்லை. நடுவில் ஒன்றை எடுத்தால் மற்றவை எதனோடெல்லாம் கட்டப்பட்டிருக்கின்றன என்று பார்த்துவிட்டு எடுங்கள். தப்பு நடக்கும், என்னைவிடக் கெட்டிக்காரர்களுக்கும் நடந்திருக்கிறது. அதற்காக நான் வருந்துவதை எப்போதோ நிறுத்திவிட்டேன்.

பெரியசாமி மெமோவோடு என் அறைக்கு வந்த காலைக்கும், நான் மருதையின் வாசலில் நின்ற சாயங்காலத்துக்கும் நடுவில் பத்தொன்பது நாள். அதை அவரிடம் சொல்ல எனக்கு ஏழு வருடம் இருந்தது.